நாலு பிளக்கும் ஒரு துண்டு அரத்தாளும்

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று மனைவி சொல்வாள். நான் அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. முன்யோசனைக்காரன் என்று திருத்துவேன். தபால் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். பூட்டிய இரும்புப் பெட்டியைத் திரும்பப் போய் ஒருதரம் இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்குச் சைக்கிள் எடுத்ததில்லை. ஆனால் போன மாரியில் என்னைப் பிடித்தது முன்யோசனை இல்லை, சுத்தப் பயம். சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தாலும் அது பக்கத்தில் இருந்தது. குளிக்கப் போனால் கிணற்றடிக்கும் வந்தது.

மகள் பிள்ளைத்தாய்ச்சியாக அச்சுவேலியில் எங்களோடு வந்து நின்றாள். மருமகனுக்குக் கட்டாரில் வேலை. ஏழாம் மாதம் ஒரு நாள் அவளுக்குக் கொஞ்சம் இரத்தம் பட்டது. யாழ்ப்பாண நகரத்து ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்துப் பார்த்தார்கள். நச்சுக்கொடி கீழே இறங்கி, பிள்ளை வரும் வழியை மூடிக்கொண்டு கிடக்கிறது என்றார்கள். வீட்டுக்கு விடுகிற அன்று டொக்டர் என்னையும் மனைவியையும் கூப்பிட்டுக் கதைத்தார். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

"இன்னும் மூண்டு கிழமையாலை வந்து வார்ட்டிலை நிக்க வேணும். அதுக்கிடையிலை திரும்ப இரத்தம் போனா ஒண்டையும் பாத்துக்கொண்டிராதேங்கோ. வாகனம் இருக்கோ?"

"ஓம், கார் இருக்கு."

"அப்ப அம்புலன்சைக் காத்துக்கொண்டு நிக்காமல் உடனை வெளிக்கிடுங்கோ. அரை மணித்தியாலத்துக்குள்ளை இஞ்சை நிக்கப் பாருங்கோ. பிந்தினா ரெண்டு பேருக்கும் ஆபத்து."

மனைவி தலையாட்டினாள். எனக்கு அதில் இரண்டு சொல்லுக்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. ரெண்டு பேருக்கும். அச்சுவேலியிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு என் காரில் சரியாக அரை மணித்தியாலம். றோட்டில் ஒரு மாடு குறுக்கே வந்து நிற்கக்கூட அந்தக் கணக்கில் இடமில்லை.

கார் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேனே தவிர, அதற்குப் பதினைந்து வயது. ஜப்பானில் யாரோ ஓடி முடித்து அனுப்பியது. அந்த நாட்களில் காலமை குளிரில் ஸ்டார்ட் பண்ணினால் இரண்டு நிமிடம் இருமும். ஊர் மெக்கானிக் பொனெற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "ஸ்பார்க் பிளக் நாலும் தேஞ்சு போச்சு அண்ணை, மாத்துங்கோ" என்றான். மற்றக் காலம் என்றால் ஒரு கிழமை யோசித்திருப்பேன். அன்று பின்னேரமே பஸ் எடுத்து நகரத்துக்குப் போனேன். காரை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனேன். நான் காரோடு போயிருக்கிற நேரம் பார்த்து மகளுக்கு ஏதும் என்றால்? கார் வீட்டில் நின்றால் ஓட்ட அயலில் ஒருவரைப் பிடிக்கலாம்.

நான் போன உதிரிப்பாகக் கடையை ஒரு பெண் நடத்துகிறார். நாற்பது வயது மதிக்கலாம். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு, கேட்ட சாமானை ஏணியில் ஏறித் தானே எடுத்துத் தருகிறவர்.

"என்ன ஐயா வேணும்?"

"பிளக் நாலு. கனகாலம் உழைக்கிறதாப் பாத்துத் தாங்கோ."

"வருசத்துக்கு எவ்வளவு ஓடுவியள்?"

"உது முக்கியமில்லை தங்கச்சி. நடு றோட்டிலை நிக்கப்படாது. அவ்வளவுதான்."

அவர் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கார் இலக்கத்தையும் என்ஜின் விபரத்தையும் கேட்டு, கணினியில் தட்டி, மேசையில் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தார்.

"இது சாதாரணம். முனை தடிப்பு, ஆனா கெதியாத் தேயும். இருபது, முப்பதாயிரம் கிலோமீற்றரிலை மாத்தவேணும். மற்றது பிளாட்டினம், அதைவிட ரெண்டு மடங்கு வரும். இது இரிடியம். நடுக்கம்பியைப் பாருங்கோ."

பார்த்தேன். தையல் ஊசி மாதிரி ஒரு முனை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. தடித்தது உழைக்கும், மெல்லியது முறியும் என்று நினைத்தே வளர்ந்தவன் நான்.

"உந்த ஊசியோ கனகாலம் நிக்கிறது?"

"ஒரு லட்சம் ஓடும் ஐயா. மெல்லிசா இருக்கிறபடியாப் பொறி லேசாப் பாயும். உலோகம் அவ்வளவு கடினம், நெருப்பிலை தேயாது."

"கள்ளச் சாமான் இல்லைத்தானே?"

அந்தக் கேள்விக்கு அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கள்ளச் சாமான் வருவது உண்மைதான், பெட்டியும் எழுத்தும் அச்சொட்டாக அதேபோல இருக்கும் என்று சொல்லி, ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, முனை பொருத்திய இடத்தை எனக்குக் காட்டினார். நல்லதில் அந்தப் பொருத்து வழுவழுப்பாக இருக்கும், கள்ளத்தில் சொரசொரப்பாக இருக்குமாம். நான் நாலையும் பார்த்தேன். நாலும் வழுவழுப்பு. இரிடியத்தையே எடுத்தேன். விலையைக் கேட்காமல் நான் வாங்கிய முதல் சாமான் அதுதான்.

பெட்டிகளைப் பையில் போடும்போது அவர் கையை நிறுத்திச் சொன்னார்: "ஐயா, ஒண்டு சொல்லவேணும். இதைக் கழட்டித் துடைக்கிறது, அரத்தாள் போட்டுத் தேய்க்கிறது, இடைவெளியைத் தட்டிச் சரிப்பண்ணுறது, ஒண்டும் செய்யாதேங்கோ. கொம்பனி அளந்துதான் விடுறது. பூட்டினாப் பிறகு தொடவே தொடாதேங்கோ."

"ஓமோம்" என்றேன். எனக்குத் தெரியாததா என்ற ஒரு ஓமோம்.

அடுத்த நாள் மெக்கானிக் பூட்டித் தந்தான். பழைய பிளக் நாலையும் அவன் குப்பை வாளியில் போடப் போனான். நான் வாங்கி ஒரு பொலித்தீன் பையில் சுற்றி டிக்கிக்குள் போட்டுவைத்தேன். எங்கள் வயதுக்காரர் ஒன்றையும் எறியமாட்டோம். போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் சீவித்தவன் ஆணியைக்கூட நிமிர்த்தி வைப்பான். கார் இருமலை விட்டது. தொட்டவுடன் ஸ்டார்ட். பத்து நாள் நான் கொஞ்சம் மனிசனாக இருந்தேன்.

பதினோராம் நாள் காலமை நல்ல மழை. வழக்கம்போல எட்டு மணிக்குக் காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். தினமும் அப்படி ஒரு சோதனை வைத்திருந்தேன். அன்று கார்த் திறப்பைத் திருப்பியதற்கும் என்ஜின் பிடித்ததற்கும் இடையில் ஒரு கணம் கூட எடுத்தது போல இருந்தது. இருந்ததா, எனக்குத்தான் அப்படிப்பட்டதா என்று இன்றுவரை தெரியாது. ஈரக் காற்றுக்கு எந்தக் காரும் அப்படித்தான் எடுக்கும் என்று இப்போது சொல்லலாம். அப்போது அப்படி யோசிக்க என்னால் முடியவில்லை.

இந்த இடத்தில், மரமும் துருவும் தேய்க்கிற அந்த அரத்தாளைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். தடைக் காலத்தில் பெற்றோல் மருந்துப் போத்தல் கணக்கில்தான் கிடைத்தது. ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி என்ஜினை எழுப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓடுவோம். மண்ணெண்ணெய்க்கு நாலு மைலுக்கு ஒருதரம் பிளக் கரி பிடிக்கும். றோட்டோரத்தில் நிறுத்தி, கழற்றி, அரத்தாளால் தேய்த்து, இடைவெளியை இரும்பறுக்கும் வாளின் உடைந்த அலகு ஒன்றால் அளந்து, கூடினால் கல்லில் ஒரு தட்டுத் தட்டிப் பூட்டுவோம். தபால்காரனும் வாத்தியாரும் சுவாமியாரும் எல்லாரும் அப்போது மெக்கானிக். என் சட்டைப் பையில் பேனையோடு ஒரு துண்டு அரத்தாளும் எப்போதும் இருக்கும்.

அந்தக் காலத்தில்தான் மகள் பிறந்தாள். இரவல் வாங்கிய ஒரு பழைய இங்கிலாந்துக் காரில் மனைவியை மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில் உரும்பிராயில் கார் நின்றுவிட்டது. மனைவி பின் சீற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நான் பிளக் நாலையும் கழற்றி, தேய்த்து, தட்டி, பூட்டி, ஓட்டிக்கொண்டு போனேன். போய்க் கால் மணித்தியாலத்தில் இவள் பிறந்தாள். ஆகவே என்னைக் கேட்டால், என் மகள் உயிரோடு இருப்பது அந்த அரத்தாளால்தான். அதைப் பூதக்கண்ணாடி வைத்து ஒருவர் சொல்லி மாற்ற முடியுமா?

மனைவி தேவாலயத்தில் பூசைக்குப் போயிருந்தாள். மகள் அறையில் நித்திரை என்று நினைத்தேன். மழை விட்ட இடைவெளியில் பொனெற்றைத் திறந்து பிளக் நாலையும் கழற்றினேன். பார்த்தால் நாலும் சுத்தம். பால்தேத்தண்ணி நிறத்தில், கரி ஒரு பொட்டில்லை. அப்போதே திரும்பப் பூட்டியிருக்க வேண்டும். கை கேட்கவில்லை. சும்மா பூட்டினால் நான் ஒன்றும் செய்யாதவனாகிவிடுவேன். செய்தால்தான் அவளுக்கு ஒன்றும் நடக்காது என்று எனக்குள் ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

தேய்த்தேன். வாள் அலகை வைத்துப் பார்த்தேன். இடைவெளி எனக்குக் கூடவாகத் தெரிந்தது. இந்தக் காலத்துப் பிளக்கிற்கு அந்த இடைவெளிதான் சரி என்பது பிறகு அறிந்தது. சீமெந்துத் தரையில் ஒவ்வொன்றாகத் தட்டினேன். டிக். டிக். மூன்றாவதின் சத்தம் கொஞ்சம் வேறுமாதிரிக் கேட்டது. தூக்கிப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பூட்டி ஸ்டார்ட் பண்ணினேன். நன்றாகத்தான் ஓடியது. கையைக் கழுவிவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன், நிம்மதியாக. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்தத் தேத்தண்ணி நல்ல ருசியாக இருந்தது.

பதினொரு மணிபோல மகள் குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். பூசையால் வந்து சமைத்துக்கொண்டிருந்த மனைவி ஓடினாள். கத்தி அழவில்லை இரண்டு பேரும். "இஞ்சேருங்கோ, காரை எடுங்கோ" என்று மட்டும் மனைவி சொன்னாள். நான் கதவைத் திறந்துகொண்டு நிற்க, துவாயைச் சுற்றிக்கொண்டு மகள் நடந்து வந்தாள். துவாய் வெள்ளை. அது வெள்ளையாக இருந்திருக்கக் கூடாது, இரத்தம் அவ்வளவும் தெரிந்தது.

கார் உடனே பிடித்தது. ஆவரங்கால் கடந்தோம். புத்தூர் கடந்தோம். பின்னால் மனைவி மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். என்ஜின் நன்றாகச் சூடேறிய நேரம், சிறுப்பிட்டிக்கு இந்தப் பக்கம், ஒரு உதறல் வந்தது. ஒன்று. பிறகு விட்டு ஒன்று. பிறகு விடாமல். ஸ்டியரிங்குக்கு முன்னால் என்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு வெட்டி வெட்டி எரிந்தது. கால் வைத்து அழுத்த அழுத்தக் கார் குலுங்கியதே தவிர இழுக்கவில்லை.

"அப்பா, குலுக்காதேங்கோ. குலுக்கக் குலுக்கக் கூடவாப் போகுது."

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சத்தம். மூன்றாவது.

நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டத்துக்கு முன்னால் காரை ஓரம்கட்டினேன். அப்படியே மூன்று சிலிண்டரில் உருட்டிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணித்தியாலம் ஆகும், அதுவும் போனால்தான். மனைவி அம்புலன்சுக்குப் போன் அடித்தாள். வருகிறோம், இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். மழையில் போன இரண்டு வாகனத்துக்குக் கை காட்டினாள், நிற்கவில்லை.

"அப்பா, புதுப் பிளக்தானே போட்டனீங்கள்?" மகளின் குரல் மெலிந்துபோயிருந்தது. "அப்ப ஏன் நிண்டது?"

"கள்ளச் சாமான் போலை பிள்ளை. கடைக்காரி ஏமாத்திப்போட்டாள்."

யோசிக்காமல் வாயில் வந்தது. அவ்வளவு ஆயத்தமாக அது எனக்குள் இருந்திருக்கிறது.

டிக்கியில் பிளக் கழற்றுகிற சாவியும் பழைய பிளக்கும் இருந்தன. என்ஜின் ஓட ஓட மூன்றாவதின் வயரை இழுத்துப் பார்த்தேன். சத்தத்தில் மாற்றமில்லை, ஏற்கெனவே செத்திருந்தது அதுதான். நிறுத்திவிட்டுக் கழற்றினேன். சூட்டில் இரண்டு விரல் வெந்தது, பிறகுதான் தெரிந்தது. வெளியே வந்த பிளக்கில் ஊசிமுனை இல்லை. வெள்ளைப் பீங்கானில் ஒரு சில்லுப் பெயர்ந்திருந்தது. அதைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்தேன். அந்த நேரத்திலும் ஒளித்தேன். தேய்ந்துபோனது என்று எறியப் போன பழசு ஒன்றை அந்த ஓட்டைக்குள் பூட்டினேன். ஸ்டார்ட் பண்ணினேன். நாலும் பிடித்தது.

கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு. கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. மனைவியின் செபம் கேட்கிறவரைக்கும் மகள் இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன். நல்லூரடியில் செபம் நின்றது. "கெதியா" என்றாள் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள். நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

வாசலில் தள்ளுவண்டியோடு ஓடி வந்தார்கள். மகளுடைய முகம் கடதாசி நிறம். கதவு மூடியபின் மழைக்குள் நின்றபடி நீர்வேலியில் விட்ட நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். பதினொரு நிமிடம். என்னால் போன பதினொரு நிமிடம். பிறகு தாதி ஒருவர் வந்து, வெட்டி எடுத்தாயிற்று, ஆண்பிள்ளை, இரண்டு கிலோவுக்கும் குறைவு, தாய்க்கு இரத்தம் ஏற்றுகிறார்கள், இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அந்த 'இப்போது' அடுத்த நாள் விடியும்வரை இருந்தது. விடிந்தபோது டொக்டர் வந்து, இரண்டு பேரும் தப்பிவிட்டார்கள் என்றார். நான் விறாந்தை வாங்கில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

அதோடு முடிந்திருக்கும். ஒருவருக்கும் தெரியாது. ஆனால் என் பொய் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் மனைவி கடைக்காரி கள்ளச் சாமான் விற்ற கதையைச் சொன்னாள். மருமகன் கட்டாரிலிருந்து, "கடைப் பேரைச் சொல்லுங்கோ மாமா, முகநூலிலை போட்டு நாறடிக்கிறன்" என்றான். ஒரு கிழமை கழித்து மகளின் கட்டிலடியில் வைத்து மனைவி சொன்னாள்: "நாளைக்கு நான் அந்தக் கடைக்குப் போறன். நாலு கேள்வி கேளாமல் வரமாட்டன்."

"போகாதை" என்றேன். "அவவிலை பிழையில்லை. அண்டைக்குக் காலமை நான்தான் கழட்டித் தேய்ச்சனான். தட்டினனான். நான்தான் முறிச்சது."

மகள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அண்டைக்கு நான் நித்திரையில்லை அப்பா" என்றாள். "டிக் டிக் எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தனான். அப்பா ஏதோ செய்யிறார், கார் சரியா இருக்கும் எண்டு நினைச்சன்."

"பயமா இருந்தது பிள்ளை."

"எனக்கும்தான் பயமா இருந்தது." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மனைவி நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் கதைத்தாள், அது கதைக்காமல் விட்டதைவிட மோசமாக இருந்தது.

கடைக்கு நான்தான் போனேன். முறிந்த பிளக்கை மேசையில் வைத்தேன். அந்தப் பெண் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அரத்தாளோ?"

"ஓம். வாள் அலகும்."

"உங்கடை வயசுக்காரர் எத்தினை பேர் உப்பிடி முறிச்சுக்கொண்டு வருகினம் தெரியுமோ ஐயா? சொல்லித்தான் குடுக்கிறன். ஒருதரும் கேக்கிறேல்லை."

றோட்டில் நின்றதையும், பிள்ளை பிறந்ததையும், அவரைக் கள்ளி என்று சொல்லிவிட்டதையும் அவரிடமும் சொன்னேன். அவர் ஒரு புதுப் பெட்டியை எடுத்துப் பையில் போட்டபடி, பிள்ளைக்கு இப்போது எப்படி என்று கேட்டார்.

பிள்ளையை ஐந்து கிழமைக்குப் பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். மாதம் காணாமல் பிறந்த பிள்ளைகள் இடைக்கிடை ஒரு கணம் மூச்சை நிறுத்தி எடுப்பார்கள், ஐந்தாறு வினாடிக்குள் தானாக வரும், பயப்பட வேண்டாம் என்று தாதி சொல்லி அனுப்பியிருந்தார். யாரிடம் சொல்கிறார் பார். முதல் இரண்டு நாளும் மகள் பிள்ளையை என்னிடம் தரவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் அவளே கொண்டுவந்தாள்.

"பிடியுங்கோ அப்பா. ஆனா சும்மா பிடிச்சுக்கொண்டிருக்க வேணும். ஒண்டும் செய்யப்படாது."

கதிரையில் இருந்து மடியில் வாங்கினேன். என் உள்ளங்கையளவு முதுகு. நெஞ்சு ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. பிறகு ஏறவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். வெந்து ஆறிய இரண்டு விரலும் துடித்தன. உலுக்கிப் பார், கன்னத்தில் தட்டிப் பார், ஏதாவது செய் என்று அன்றைக்குச் சொன்ன அவனே எனக்குள் கத்தினான். மூன்று. மகள் வாசலடியில் நின்றாள். அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு. நான் அசையவில்லை. ஐந்தில் பிள்ளையின் நெஞ்சு மேலே வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் குசினிக்குள் போனாள்.